சொந்தக் கணினியில் ஓடுகிறது, கிளவுடில் ஏற்றியதும் விழுகிறது: பலகார ஆர்டர் செயலிக்கு உதவி தேவை

#1 பள்ளத்தூர் நிரலர்

வணக்கம். கானாடுகாத்தானில் வீட்டிலேயே பலகாரம் செய்து வெளியூர்களுக்கு அனுப்பும் ஒரு குடும்பத்திற்காக ஆர்டர் எடுக்கும் செயலி ஒன்றை எழுதி வருகிறேன். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை, கைமுறுக்கு ஆகியவை அதிகம் விற்பவை. வாங்குபவர்களில் பலர் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் குடியிருக்கும் நம் ஊர்க்காரர்கள். நிரல் பைத்தானில் எழுதப்பட்டு ஏடபிள்யூஎஸ் லாம்டாவில் (கோரிக்கை வரும்போது மட்டும் நிரலை ஓட்டும் அமேசான் கிளவுட் சேவை) ஓடுகிறது. ஆர்டர்களை டைனமோடிபி தரவுத்தளத்திலும் பலகாரப் படங்களை எஸ்3 சேமிப்பிலும் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு முன் இது முழுமையாக இயங்கியாக வேண்டும்.

என் விண்டோஸ் மடிக்கணினியில் சிறிய பைத்தான் சர்வர் ஒன்றை வைத்து நிரலை ஓட்டுகிறேன். டைனமோடிபியின் உள்ளூர்ப் பதிப்பான டைனமோடிபி லோக்கலையும் நிறுவியிருக்கிறேன். அங்கே ஒரு குறையும் இல்லை. கிளவுடில் ஏற்றியதும் மூன்று இடங்களில் விழுகிறது. பில்லைப் பிடிஎஃப் கோப்பாக எழுதும்போது, கோப்பு முறைமை படிக்க மட்டுமே உரியது என்ற பிழை வருகிறது. ஒரு படத்தை ஏற்றினால் அதிலிருந்து சிறு படம் ஒன்று உருவாக வேண்டும். அதற்குப் பதிலாக 403, அனுமதி மறுக்கப்பட்டது என்று பதிவாகிறது. மூன்றாவதுதான் அந்த வீட்டு ஆச்சியை மிகவும் வருத்தியது. சிங்கப்பூரிலிருந்து காலையில் வரும் ஆர்டர்கள் முந்தைய நாள் பட்டியலில் போய்ச் சேருகின்றன. அந்தப் பட்டியலுக்கான வேலை முடிந்த பிறகு அதை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை என்பதால், இரண்டு ஆர்டர்கள் செய்யப்படாமலே விட்டுப்போயின.

ஒவ்வொரு திருத்தத்தையும் ஏற்றி, பதிவேட்டைத் திறந்து, பிழையைத் தேடிப் பிடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடுகிறது. இந்தப் பிழைகள் என் கணினியிலேயே தென்படும்படி எவ்வாறு அமைப்பது? 403 பிழைக்காக, நிரலுக்குரிய அனுமதிகளை முழுமையாகத் திறந்துவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

#2 செக்காலை வாசி

தம்பி, அனுமதியை மட்டும் திறந்துவிட வேண்டாம். காரணம் தெரியாமல் திறந்த கதவை, பிறகு யாரும் நினைவாக வந்து மூடுவதில்லை.

நீங்கள் ஓட்டிப் பார்ப்பது உங்கள் விண்டோஸ் கணினியில். கிளவுடில் அது ஓடுவது லினக்ஸ் கன்டெய்னர் ஒன்றில், அதாவது நிரலுக்கென்று தனியாகப் பிரித்துவைத்த ஓட்டச் சூழலில். இவ்விரண்டும் வேறுபடும் இடங்களில்தான் உங்கள் பிழைகளில் இரண்டு பிறக்கின்றன. லாம்டாவில் டெம்ப் என்ற ஓர் அடைவில் (ஃபோல்டரில்) மட்டுமே எழுத முடியும், அதன் அளவும் கூட்டிக் கேட்காதவரை 512 எம்பிதான். நிரல் இருக்கும் அடைவிலேயே பில்லை எழுத முயன்றால் அங்கே விழத்தான் செய்யும். விண்டோஸ் உங்களைத் தடுக்காததால் உங்களுக்கு அது தெரியவில்லை. ஆகவே பைத்தான் சர்வரை விட்டுவிட்டு, லாம்டா நிரல்களை உள்ளூரில் ஓட்ட உதவும் சாம் கருவியின் லோக்கல் இன்வோக் கட்டளையால், கன்டெய்னர்களை இயக்கும் டாக்கருக்குள் ஓட்டுங்கள். அங்கே நிரல் அடைவு படிக்க மட்டும் உரியதாகவே இணைக்கப்படும் என்பதால் பில் பிழை முதல் ஓட்டத்திலேயே உங்கள் மேசையில் விழும். படங்களைக் கையாளும் நூலகங்களையும் கன்டெய்னருக்குள்ளேயே கட்டுங்கள்; விண்டோஸுக்காகக் கட்டிய நூலகம் லினக்ஸில் ஏறாது.

டெம்ப் அடைவைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். லாம்டா ஒரு கன்டெய்னரை அடுத்தடுத்த கோரிக்கைகளுக்கு மீண்டும் பயன்படுத்தும். முன்னவர் எழுதிய கோப்பு அங்கேயே கிடக்கும். எல்லாப் பில்லுக்கும் ஒரே பெயரை வைத்திருந்தால், எழுதும் படி ஏதோ காரணத்தால் தவறிய நாளில் ஒருவருடைய பில் இன்னொருவருக்குப் போய்விடும். உங்கள் கணினியிலோ ஒவ்வோர் ஓட்டத்திற்கும் புதிய கன்டெய்னர் எழும்புவதால் இது ஒருபோதும் தெரியாது. சாமின் உள்ளூர் ஏபிஐ சர்வரில் கன்டெய்னரைச் சூடாக வைத்திருக்கும் விருப்பம் ஒன்று உண்டு. அதை இட்டு, ஒரே கோரிக்கையை ஐந்தாறு முறை அனுப்பிப் பாருங்கள். கோப்பின் பெயரில் ஆர்டர் எண் கட்டாயம் இருக்கட்டும்.

தேதிப் பிழைக்குக் காரணம், கிளவுடின் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுவது. நமக்கு நள்ளிரவு 12 மணி தொடங்கிக் காலை 5.30 வரை, யுடிசி கணக்கில் முந்தைய தேதிதான் நடந்துகொண்டிருக்கும். சிங்கப்பூரில் காலை 7 மணி என்பது நமக்கு 4.30; யுடிசியில் அது முந்தைய நாள் இரவு 11. உங்கள் மடிக்கணினி இந்திய நேரத்தில் இருப்பதால் உங்களிடம் எல்லாம் சரியாகத் தெரிந்திருக்கிறது. நேரத்தை யுடிசியிலேயே சேமியுங்கள். எந்த நாளின் வேலை என்று பிரிக்கும் ஓர் இடத்தில் மட்டும் ஆசியா/கொல்கத்தா என்ற நேர மண்டலத்தை வெளிப்படையாகக் குறிப்பிட்டு மாற்றுங்கள். பைத்தான் 3.9 முதல் அதற்கான ஸோன்இன்ஃபோ தொகுதி உள்ளேயே வருகிறது. விண்டோஸில் அதற்கு மண்டலத் தரவுத் தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். அந்தச் செயற்பாடு "இப்போது மணி என்ன" என்று தானே கேட்டுக்கொள்ளாமல், நேரத்தை வெளியிலிருந்து பெறும்படி எழுதினால், விடிகாலை 4.30 மணியைப் பகல் 2 மணிக்கே சோதிக்கலாம்.

#3 தேவகோட்டை சோதனையாளர்

403 பிழையைப் பற்றி மட்டும் முதலில் எழுதுகிறேன், ஏனெனில் அது சொல்வதும் நடந்ததும் வேறாக இருக்கக்கூடும். எஸ்3 சேமிப்பில் இல்லாத ஒரு பொருளைக் கேட்டால், கேட்பவருக்குப் பக்கெட்டின் (பொருள்களை வைத்திருக்கும் சேமிப்புக் கலத்தின்) பட்டியலைப் பார்க்கும் அனுமதி இருந்தால்தான் 404, அதாவது பொருள் இல்லை, என்று விடை வரும். அந்த அனுமதி இல்லாதவருக்கு, பொருள் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியக்கூடாது என்ற காரணத்தால் 403தான் வரும். உங்கள் நிரலுக்குப் பொருளைப் படிக்கும் அனுமதியை மட்டும் கொடுத்திருந்தால், அது சரியான செயலே. நிரல் தவறான பெயரைக் கேட்கிறது என்றே நான் கருதுகிறேன்.

அதற்கும் காரணம் உண்டு. படம் ஏறியதும் எஸ்3 நிரலுக்கு அனுப்பும் நிகழ்வு அறிவிப்பில் பொருளின் பெயர் யூஆர்எல் முறையில் குறியாக்கப்பட்டே வரும். "மணகோலம்" என்ற ஏழு குறியீடுகள் யூடிஎஃப்-8இல் 21 பைட். நிகழ்வுக்குள் அவை சதவீதக் குறிகளோடு 63 எழுத்துகளாக நிற்கும். அதைப் பிரித்து எடுக்காமல் அப்படியே கேட்டால், அந்தப் பெயரில் பொருள் இருக்காது. உங்கள் கணினியில் சோதனைக்கான நிகழ்வைக் கையால் எழுதியிருப்பீர்கள், அதில் பெயரை நேரடித் தமிழில் இட்டிருப்பீர்கள். கையால் எழுதிய நிகழ்வு, நாம் எதிர்பார்ப்பதை மட்டுமே நமக்குத் திருப்பிச் சொல்லும். கிளவுடில் உண்மையாக வந்த ஒரு நிகழ்வைப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கோப்பாகச் சேமித்து, அதையே உள்ளூரில் மீண்டும் மீண்டும் ஓட்டுங்கள்.

செக்காலை அண்ணன் சொன்ன பொதுவழியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. எமுலேட்டரை, அதாவது கிளவுடைப் போல நடந்துகொள்ளும் உள்ளூர் மென்பொருளை, சரிசெய்வதில் செலவாகும் நாள்களைவிட, சோதனைக்கென்று தனியாக ஒரு கிளவுட் கணக்கைத் திறந்து, அதே அமைப்பைச் சிறிய அளவில் ஏற்றிவைப்பது மேலானது என்பது என் அனுபவம். சாம் சிங்க் போன்ற கட்டளைகளால் நிரல் மாற்றத்தை மட்டும் சில விநாடிகளில் அங்கே அனுப்பிவிடலாம். அனுமதிகள், நெரிசல் தடை, தாமதமான வாசிப்பு ஆகிய மூன்றையும் எந்த எமுலேட்டரும் உண்மையாகக் காட்டி நான் பார்த்ததில்லை. டைனமோடிபி லோக்கல், கொடுக்கும் அடையாளச் சான்று உண்மையானதா என்றே பார்க்காது; எவ்வளவு வேகமாக எழுதினாலும் தடுக்காது.

#4 பள்ளத்தூர் நிரலர்

இருவருக்கும் மிக்க நன்றி. பில் பிழை, அண்ணன் சொன்னபடியே டாக்கருக்குள் முதல் ஓட்டத்தில் என் திரையில் விழுந்தது, திருத்திவிட்டேன். தேதிப் பிழையும் தெரிந்தது.

தேவகோட்டை அக்கா சொன்னபடி உண்மையான நிகழ்வை எடுத்துப் பார்த்தேன். பெயர் சதவீதக் குறிகளாகத்தான் இருந்தது. பிரித்து எடுக்கும் வரியைச் சேர்த்ததும் அதிரசம், தேன்குழல், மாவுருண்டை, கைமுறுக்கு ஆகியவற்றின் படங்கள் சரியாக வந்துவிட்டன. மணகோலம் மட்டும் வரவில்லை. கோதுமை அல்வாவும் வரவில்லை. சிறு படம் உருவாகிவிடுகிறது. ஆனால் ஆர்டர் பக்கம் பலகாரத்தின் பெயரைக் கொண்டு அந்தப் படத்தைக் கேட்கும்போது மீண்டும் 403. திரையில் இரண்டு பெயர்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்; ஒரு புள்ளிகூட வேறுபடவில்லை. என் கணினியில் நானே பெயரிட்ட படங்களை வைத்து ஓட்டினால் மணகோலமும் வருகிறது. கடைக்குரிய படங்களைக் காரைக்குடியில் உள்ள ஒரு புகைப்பட நிலையத்தில் எடுத்துப் பெயரிட்டுக் கொடுத்தார்கள்.

மேலும் ஒரு சிக்கல். டாக்கருக்குள் ஓடும் நிரலால், என் கணினியில் 8000 போர்ட்டில் இருக்கும் டைனமோடிபி லோக்கலை எட்ட முடியவில்லை. இணைப்பு மறுக்கப்பட்டது என்கிறது.

#5 புதுவயல் ஆலை வீடு

கன்டெய்னருக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது அந்தக் கன்டெய்னரையே குறிக்கும், உங்கள் மடிக்கணினியை அன்று. டாக்கர் டெஸ்க்டாப்பில் ஹோஸ்ட்.டாக்கர்.இன்டெர்னல் என்ற பெயரை இட்டால் மடிக்கணினிக்குப் போகும். டைனமோடிபி லோக்கலையும் கன்டெய்னராகவே ஓட்டி, இரண்டையும் ஒரே டாக்கர் வலையமைப்பில் சேர்ப்பது இன்னும் சீரான வழி.

இணைப்பு கிடைத்த பிறகு அட்டவணைகளே இல்லை என்று சொன்னால் அஞ்ச வேண்டாம். டைனமோடிபி லோக்கல், அணுகு சாவிக்கும் ஏடபிள்யூஎஸ் பிராந்தியத்திற்கும் ஏற்பத் தனித்தனித் தரவுக் கோப்பு வைத்துக்கொள்ளும். நீங்கள் ஒரு சாவியால் அட்டவணையை உருவாக்கி, கன்டெய்னர் வேறு சாவியால் தேடினால் வெறுமையாகவே தெரியும். பொதுத் தரவுக் கோப்பு என்ற விருப்பத்தோடு தொடங்கினால் இது நேராது. இதற்காக நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்திருக்கிறேன்.

#6 கண்டனூர் எழுத்துரு

மணகோலம் வரவில்லை, கோதுமை அல்வா வரவில்லை, தேன்குழல் வருகிறது என்று படித்தவுடனே இது எழுத்தின் சிக்கல் என்று தெரிந்துவிட்டது. இதைத் தமிழ் நிரலர்கள் எல்லாரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

யூனிகோடில் ஓகார உயிர்க்குறியை இரண்டு வகையாக எழுதலாம். ஓகாரக் குறி என்ற ஒரே குறியீடாக இடலாம். அல்லது ஏகாரக் குறியையும் கால் (ா) குறியையும் அடுத்தடுத்து இரண்டு குறியீடுகளாக இடலாம். ஒகரத்திற்கும் ஔகாரத்திற்கும் இதுவே நிலை. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், யூனிகோடு விதிப்படி இரண்டும் சமமானவையும் கூட. ஆனால் எஸ்3 சேமிப்பு பெயரை எழுத்தாகப் பார்ப்பதில்லை, பைட்டுகளாகவே ஒப்பிடுகிறது. ஒரு வகை மணகோலம் 21 பைட், மற்ற வகை 24 பைட். அதற்கு அவை இரண்டு வெவ்வேறு பொருள்கள். தேன்குழலில் ஏகாரம் தனியாக நிற்பதால் அதை எழுத ஒரே வழிதான் உண்டு, அதனால் அது தப்பியது.

பழைய மேக் கணினிகளில் இருந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை, கோப்புப் பெயர்களை இவ்வாறு பிரித்தே சேமித்துவைக்கும். அந்தப் புகைப்பட நிலையத்தில் அப்படி ஒரு கணினி இருக்கக்கூடும். நீங்கள் விண்டோஸில் தட்டச்சு செய்த பெயரோ சேர்ந்த வடிவில் இருக்கிறது. பெயர் உள்ளே நுழையும் ஒவ்வொரு வாயிலிலும், பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுதியைக் கொண்டு என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்திற்கு மாற்றிவிடுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: மூலப் படத்தைப் படிக்கும்போது நிகழ்வில் வந்த பெயரை மாற்றாமல் அப்படியே கேட்க வேண்டும், ஏனெனில் பக்கெட்டில் அது அந்த வடிவில்தான் இருக்கிறது. சிறு படத்தை எழுதும் பெயரையும், தரவுத்தளத்தில் வைக்கும் பெயரையும், தேடலில் வரும் சொல்லையும் மாற்றுங்கள். வாடிக்கையாளர் எந்தக் கைப்பேசியின் விசைப்பலகையில் "கொழுக்கட்டை" என்று தேடுவார் என்பது நம் கையில் இல்லை.

#7 காரைக்குடிக் கணக்கர்

நான் நிரலன் அல்லன், ஓய்வுபெற்ற கணக்கர். ஒன்றை மட்டும் கேட்க விரும்புகிறேன். சோதனைக்கு எந்த ஆர்டர்களை வைத்து ஓட்டுகிறீர்கள்? கடையின் உண்மையான வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் படியெடுத்து மடிக்கணினியில் வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு வீட்டு விசேஷத்திற்கு யார் எவ்வளவு பலகாரம் சொன்னார்கள் என்பது அந்த வீட்டுக்கும் கடைக்கும் இடைப்பட்ட செய்தி.

எங்கள் காலத்தில் அன்றாட வரவு செலவைச் சிட்டையில் எழுதி, சரிபார்த்த பின்னரே பேரேட்டில் ஏற்றுவோம். முடிவில் ஐந்தொகை எடுக்கும்போது இரு பக்கமும் ஒத்துவர வேண்டும். உங்கள் சோதனைக்கும் அப்படி ஒரு பட்டியல் தேவை. நாற்பது ஆர்டர்களைக் கற்பனையாக எழுதுங்கள். இத்தனை கிலோ, இவ்வளவு ரூபாய், எந்த நாளுக்கு எத்தனை என்று கூட்டுத்தொகையை முன்பே தாளில் போட்டுவையுங்கள். நிரல் ஓடி முடித்ததும் அந்தத் தொகை வருகிறதா என்று பாருங்கள். பிழைச் செய்தி எதுவும் இன்றி ஓடி முடிவதைச் சரியாக ஓடியதற்கு அடையாளமாகக் கொள்ள முடியாது.

#8 செக்காலை வாசி

ஐயா சொன்ன நாற்பது ஆர்டர் பட்டியலை நான் என் பணியிடத்திலும் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

தேவகோட்டைத் தங்கை சொன்னதில் அனுமதியைப் பற்றிய பகுதி முற்றிலும் சரி, அதில் என் முதல் பதிவு குறையுடையது. சாம் உங்கள் கணினியில் உள்ள உங்கள் சொந்த அடையாளச் சான்றைத்தான் கன்டெய்னருக்குள் அனுப்பும். நீங்கள் நிர்வாகி என்றால் உள்ளூரில் உங்கள் நிரலும் நிர்வாகியாகவே ஓடும்; தேவையான அனுமதி ஒன்று விடுபட்டிருந்தாலும் தெரியாது. இதற்கு உள்ளூரிலேயே ஒரு வழி இருக்கிறது. நிரலுக்கென்று உருவாக்கிய ரோலை (அதற்குரிய அனுமதிகளைக் கொண்ட அடையாளத்தை) நீங்களே தற்காலிகமாக ஏற்று, அதற்குக் கிடைக்கும் குறுகிய காலச் சான்றோடு ஓட்டலாம். ரோலின் நம்பிக்கை விதியில் உங்களைச் சேர்த்திருக்க வேண்டும். அப்போது டைனமோடிபி, எஸ்3 ஆகியவை சோதனைக் கணக்கில் உள்ள உண்மையானவையாகவும், நிரல் மட்டும் உங்கள் மேசையில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கக்கூடியதாகவும் இருக்கும். இதைத்தான் நான் மிகச் சிறந்த கலவையாகக் கருதுகிறேன்.

ஆனால் எல்லாவற்றையும் சோதனைக் கணக்குக்கே கொண்டுபோவதை நான் இன்னும் ஏற்கவில்லை. பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிற்கும் நாளில் வீட்டு இணைய இணைப்பும் சேர்ந்து நின்றுவிடும்; மடிக்கணினியின் பேட்டரியில் எமுலேட்டர் ஓடும். அதைவிட முக்கியம், நிறுத்தப்புள்ளி வைத்து ஒரு மாறியின் உள்ளே பார்ப்பது. டீபக்பை தொகுதியை நிரலில் சேர்த்து, 5678 போர்ட்டைத் திறந்து ஓட்டினால், நிரல் அந்த வரியில் உங்களுக்காகக் காத்து நிற்கும். மணகோலத்தின் பெயரை அப்படி நிறுத்தி அதன் நீளத்தைக் கேட்டிருந்தால், ஏழுக்குப் பதில் எட்டு என்று வந்திருக்கும்.

அப்படி நிறுத்திப் பார்க்கும்போது கால வரம்பைச் சாம் கணக்கில் எடுக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். லாம்டாவில் நீங்களாக மாற்றாவிட்டால் வரம்பு 3 விநாடி, அதிகபட்சம் 15 நிமிடம். நினைவகத்தின் அளவுக்கேற்பவே சிபியு திறனும் தரப்படுகிறது. ஏறத்தாழ 1,769 எம்பி கேட்டால்தான் ஒரு முழு சிபியுவுக்கு ஈடான திறன் கிடைக்கும். 128 எம்பி வைத்திருந்தால் அதில் பதினான்கில் ஒரு பங்கு அளவே. உங்கள் மடிக்கணினியில் ஒரு விநாடியில் உருவாகும் பில், அங்கே வரம்பைத் தாண்டி நடுவில் அறுந்துபோகலாம். இதை எமுலேட்டரில் அளக்க முயல வேண்டாம். சோதனைக் கணக்கில் அளந்து, அதற்கேற்ப நினைவகத்தைக் கூட்டுங்கள்.

#9 தேவகோட்டை சோதனையாளர்

அந்தக் கலவையை ஏற்றுக்கொள்கிறேன். ஆனாலும், வாடிக்கையாளரிடம் போவதற்கு முன் கடைசி ஓட்டம் சோதனைக் கணக்கில்தான் நடக்க வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. அங்கே எழுதிய உடனே வாசித்துப் பாருங்கள். டைனமோடிபியின் சாதாரண வாசிப்பு சில வேளைகளில் பழைய மதிப்பையே தரும். ஆர்டரை எழுதிய கையோடு அதைப் படித்துப் பில் போடும் இடத்தில் மட்டும் உறுதியான வாசிப்பைக் கேளுங்கள்.

#10 பள்ளத்தூர் நிரலர்

நான்கு நாள் உழைத்துவிட்டு எழுதுகிறேன். செக்காலை அண்ணன் சொன்னபடி பெயரின் நீளத்தை நிறுத்தப்புள்ளி வைத்துப் பார்த்தேன். புகைப்பட நிலையத்திலிருந்து வந்த மணகோலம் எட்டு, நான் எழுதியது ஏழு. கண்டனூர் ஐயா சொன்ன மூன்று வாயில்களிலும் என்எஃப்சி மாற்றத்தைச் சேர்த்துவிட்டேன். டைனமோடிபி லோக்கலும் நிரலும் ஒரே டாக்கர் வலையமைப்பில் இருக்கின்றன. ரோலை ஏற்று ஓட்டியபோது, அதுவரை வெளிப்படாத ஒரு பிழை கிடைத்தது: ரத்து செய்யும் ஆர்டரை நீக்க நிரலுக்கு அனுமதியே இல்லை. இதுவரை யாரும் ரத்து செய்யாததால் தெரியாமல் இருந்திருக்கிறது.

கணக்கர் ஐயா கேட்ட பட்டியலை அந்த வீட்டு ஆச்சியோடு உட்கார்ந்து எழுதினேன். நாற்பது ஆர்டர்களில் ஒன்பது, நள்ளிரவுக்கும் 5.30 மணிக்கும் இடைப்பட்டவை. ஏழு பெயர்களில் ஒகரமோ ஓகாரமோ இருக்கிறது. முதல் ஓட்டத்தில் கூட்டுத்தொகை ஒத்துவரவில்லை. அரைக் கிலோ ஆர்டர்களைக் கூட்டும் இடத்தில் என் நிரல் பின்னத்தை வெட்டிவிட்டிருந்தது. ஒரு பிழைச் செய்தியும் இல்லை. வாடிக்கையாளர் தரவின் படியை அழித்துவிட்டேன். பில்லுக்கான நினைவகத்தை, சோதனைக் கணக்கில் அளந்து பார்த்த பிறகு 512 எம்பியாக உயர்த்தியிருக்கிறேன்.

நாளைக் காலை சிங்கப்பூர் நேரம் 7 மணிக்கு, அங்கிருக்கும் உறவினர் ஒருவர் இரண்டரைக் கிலோ மணகோலத்திற்கு ஆர்டர் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

#11 பள்ளத்தூர் நிரலர்

4.32க்கு ஆர்டர் வந்தது. இன்றைய தேதிப் பட்டியலில், இரண்டரைக் கிலோ என்று, படத்தோடு இருக்கிறது. ஆச்சி அடுப்பு மூட்டிவிட்டார்கள்.